விபத்து நடந்தால் முதலாளி யார்? – ஒரு சட்டத்தின் கதை



வணிகவியல் படிக்கிறவன் சட்ட வரலாறு எழுத வந்துவிட்டானே என்று யாரும் பயப்பட வேண்டாம். நான் வக்கீல் இல்லை. பாடத்தில் படித்த ஒரு வரியும், ஊரில் பார்த்த ஒரு கையும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவில்லை. அந்த முரண்பாடு மனதில் உறுத்திக்கொண்டே இருந்ததால் தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். கொஞ்சம் நீளமான கட்டுரை, பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்தக் கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம். மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை தெரியும். மலையில் வேலை இல்லாத மாதங்களில் அங்கிருந்து ஆட்கள் கீழே இறங்கி வந்து ரைஸ் மில், கரும்பு வெட்டு, செங்கல் சூளை என்று கிடைத்த வேலைக்குப் போவார்கள். அப்படி வந்த ஒரு அண்ணன் எங்கள் தெருவில் சில காலம் குடியிருந்தார். ஒரு ரைஸ் மில்லில் வேலை. நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் பெல்ட்டில் கை மாட்டி, வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. அந்த பெல்ட்டுக்கும் புல்லிக்கும் மூடி இருந்திருக்க வேண்டும். ரிப்பேருக்காகக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டவே இல்லையாம்.

நஷ்டஈடு கேட்கப் போனார். மேனேஜர், "உன்னை வேலைக்குக் கூட்டி வந்தது மேஸ்திரி, அவரைக் கேள்" என்றார். மேஸ்திரி, "மில்லு என்னுதா? ஓனரைக் கேள்" என்றார். மில்லுக்கு மூன்று பங்குதாரர்கள். அவர்களில் இரண்டு பேரை அந்த அண்ணன் கண்ணால் பார்த்ததே இல்லை. பார்த்த ஒருவரும், "அதெல்லாம் மேனேஜர் பாத்துக்குவார்" என்று சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிச் செலவும் கையில் கொஞ்சம் பணமும் கிடைத்ததோடு கதை முடிந்தது. போலீசும் வரவில்லை, தொழிற்சாலை இன்ஸ்பெக்டரும் வரவில்லை.

அவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "தம்பி, நீ காலேஜ்ல இதத்தான படிக்கிற... அந்த மில்லுக்கு மொதலாளி யாரு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நூறு வருடங்களுக்கும் மேலாக நம் சட்டமே இந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடிக்கொண்டிருக்கிறது என்று!

செயற்கை மனிதர்

கம்பெனிச் சட்டப் பாடத்தின் முதல் வகுப்பிலேயே ஒன்று சொல்லிக் கொடுப்பார்கள். கம்பெனி என்பது சட்டத்தின் பார்வையில் ஒரு தனி மனிதர், ஆனால் செயற்கை மனிதர். சொத்து வாங்கலாம், கடன் வாங்கலாம், வழக்குப் போடலாம். 1896-ல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை சாலமன் வழக்கில் சொன்ன தீர்ப்பு இது. சாலமன் என்பவர் தோல் பூட்ஸ் வியாபாரி. தன் வியாபாரத்தைக் கம்பெனியாக மாற்றினார், அந்தக் கம்பெனி நொடித்துப் போனது. கம்பெனியின் கடன் கம்பெனிக்குத்தான், சாலமனுக்கு இல்லை என்றது தீர்ப்பு. வணிகவியல் மாணவர்கள் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கும் வழக்கு!

கடன் விஷயத்தில் இது நல்ல ஏற்பாடுதான். இது இல்லாவிட்டால் யாரும் துணிந்து தொழில் தொடங்க மாட்டார்கள். ஆனால் இந்தச் செயற்கை மனிதரின் தொழிற்சாலையில் ஒரு நிஜ மனிதர் செத்துப்போனால்? செயற்கை மனிதரைப் பிடித்து ஜெயிலில் போட முடியாது. அவருக்குள் இருக்கும் நிஜ மனிதர் யார் என்று தேட வேண்டும். அங்கேதான் சிக்கல் ஆரம்பம்.

வெள்ளைக்காரன் காலத்தில்

இந்திய தண்டனைச் சட்டம் 1860-ல் வந்தது. அதில் 304-ஏ என்ற பிரிவு 1870-ல்தான் சேர்க்கப்பட்டது. அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தால் அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. லாரி மோதினாலும் இதே பிரிவு, தொழிற்சாலையில் பாய்லர் வெடித்தாலும் இதே பிரிவு.

முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-ல் வந்தது. 100 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளுக்கு மட்டும்தான் அது பொருந்தும். 7 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது (ஆம், ஏழு வயதுதான்!). ஆபத்தான இயந்திரங்களுக்குத் தடுப்பு போட வேண்டும் என்ற விதியும் அந்தச் சட்டத்திலேயே இருந்தது. அதாவது, எங்கள் தெரு அண்ணனின் விரல்களைக் காப்பாற்றியிருக்க வேண்டிய விதிக்கு வயது 140-க்கும் மேல்.

1923-ல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. அதன் அட்டவணையைப் பார்த்தால் மனசு ஒரு மாதிரி ஆகிவிடும். ஒரு கையில் நான்கு விரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 50 சதவீத இழப்பு, மூன்று விரல் போனால் 30 சதவீதம், இரண்டு விரல் போனால் 20 சதவீதம் என்று விரலுக்கு விரல் கணக்கு இருக்கும். ஈவிரக்கம் இல்லாத கணக்கு மாதிரி தெரிந்தாலும், தொழிலாளிக்கு அது ஒரு பெரிய முன்னேற்றம். யார் மேல் தப்பு என்று நிரூபிக்காமலேயே பணம் கேட்கலாம்.

ஆனால் பணம் வேறு, பொறுப்பு வேறு. பணம் கொடுத்துவிட்டால், "ஏன் மூடி போடவில்லை?" என்று முதலாளியை யாரும் கேட்க மாட்டார்கள்.

1962 – பம்பாய் பெயிண்ட் தொழிற்சாலை

சுதந்திரத்துக்குப் பிறகு 1948-ல் புதிய தொழிற்சாலைகள் சட்டம் வந்தது. அது வந்தும் நிலைமை எப்படி இருந்தது என்பதைக் காட்ட ஒரு வழக்குப் போதும்.

பம்பாயில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலை. நெருப்பைப் பயன்படுத்தாத முறையில் பெயிண்ட் தயாரிக்கத்தான் லைசென்ஸ். ஆனால் உள்ளே பர்னர்களை வைத்துப் பொருள்களை உருக்கிக்கொண்டிருந்தார்கள். 1962 ஏப்ரலில் ஒரு நாள், கொதித்துக்கொண்டிருந்த பிட்டுமனில் அது ஆறும் முன்பே டர்பன்டைனை ஊற்றியதில் நுரை பொங்கித் தீப்பிடித்தது. 7 தொழிலாளர்கள் இறந்தார்கள். மேனேஜராகவும் பங்குதாரராகவும் இருந்தவர் மேல் 304-ஏ வழக்கு.

உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? லைசென்ஸை மீறி பர்னர் வைக்க அனுமதித்தது தப்புதான். ஆனால் மரணத்துக்கு நேரடிக் காரணம் அது இல்லை, அவசரப்பட்டு டர்பன்டைன் ஊற்றிய ஆளின் செயல்தான் நேரடிக் காரணம். எனவே 304-ஏ பிரிவிலிருந்து விடுதலை! நெருப்பை அஜாக்கிரதையாகக் கையாண்டதற்கான சிறிய குற்றம் மட்டும் நிலைத்தது.

சட்டத்தின் தர்க்கப்படி இந்தத் தீர்ப்பைத் தவறு என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. குற்றவியல் சட்டம் நேரடிக் காரணத்தைத்தான் கேட்கும். ஆனால் விளைவைப் பாருங்கள். தொழிற்சாலையில் நேரடிக் காரணம் என்பது எப்போதும் கடைசியாக வால்வைத் திருப்பிய கை, கடைசியாக ஸ்விட்சைப் போட்ட கை. அந்தக் கை எப்போதும் தொழிலாளியின் கைதான். இயக்குநர் குழு ஒரு நாளும் வால்வைத் திருப்பாது!

1984 – போபால்

இதே கேள்வி மிகப் பெரிய அளவில் வந்தது போபாலில். 1984 டிசம்பர் 2-ம் தேதி நள்ளிரவு, யூனியன் கார்பைடு இந்தியா தொழிற்சாலையின் 610-ம் எண் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்து, ஏறத்தாழ 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் வாயு வெளியேறியது. இழப்பீடு வழங்கப்பட்ட மரணங்கள் மட்டுமே 5,295. பாதிக்கப்பட்டவர்கள் 5 லட்சத்துக்கும் மேல்.

நான் கவனிக்கச் சொல்வது வேறு ஒன்று. அந்த வாயுவைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டிய குளிரூட்டும் அமைப்பு, விபத்துக்கு மாதங்கள் முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரத்தின் குழாய் கழற்றப்பட்டுக் கிடந்தது. வாயுவைச் செயலிழக்கச் செய்யும் ஸ்க்ரப்பரும் அந்த அளவைத் தாங்கவில்லை. தொழிற்சாலை நஷ்டத்தில் ஓடியதால் ஆட்களும் குறைக்கப்பட்டிருந்தார்கள். இதெல்லாம் ஒரு தொழிலாளி எடுக்கக்கூடிய முடிவுகளா? செலவைக் குறைக்கச் சொன்னது மேலே இருந்தவர்கள்.

ஆனால் யூனியன் கார்பைடு என்ன வாதம் வைத்தது தெரியுமா? அதிருப்தியில் இருந்த ஒரு தொழிலாளி வேண்டுமென்றே தொட்டிக்குள் தண்ணீர் விட்டுவிட்டார் என்று! பம்பாய் பெயிண்ட் தொழிற்சாலையில் பார்த்த அதே பாதைதான். விரல் கீழே, கீழே என்று நகர்ந்து கடைசித் தொழிலாளியிடம் போய் நிற்கும்.

அமெரிக்கத் தாய்க் கம்பெனியின் தலைவர் வாரன் ஆண்டர்சன் டிசம்பர் 7-ம் தேதி போபால் வந்தபோது கைது செய்யப்பட்டு, அன்றே ஜாமீனில் விடப்பட்டார். பிறகு நீதிமன்றத்துக்குத் திரும்பி வரவே இல்லை. 2014-ல் அமெரிக்காவில் காலமானார். இந்தியக் கம்பெனியின் தலைவர் கேசவ் மஹிந்திரா உள்ளிட்டோர் மேல் 1987-ல் சி.பி.ஐ. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. பிரிவு 304-ன் இரண்டாம் பகுதி, அதாவது மரணம் நேரலாம் என்று தெரிந்தே செய்த செயல். தண்டனை 10 ஆண்டு வரை.

1987 – சட்டம் விழித்துக்கொண்டது

போபாலுக்கு அடுத்த வருடம், 1985 டிசம்பரில், டெல்லியில் ஸ்ரீராம் தொழிற்சாலையில் ஓலியம் வாயு கசிந்தது. அந்த வழக்கில் 1986 டிசம்பரில் தலைமை நீதிபதி பகவதி தலைமையிலான அமர்வு ஒரு புதிய கொள்கையைச் சொன்னது. ஆபத்தான தொழில் நடத்துகிறவர், எவ்வளவு கவனமாக இருந்தேன் என்று சொன்னாலும், விபத்து நடந்தால் இழப்பீட்டுக்கு முழுப் பொறுப்பு. கம்பெனி எவ்வளவு பெரியதோ அவ்வளவு பெரிய இழப்பீடு. ஆனால் இதுவும் பணப் பொறுப்புதான், குற்றப் பொறுப்பு இல்லை.

குற்றப் பொறுப்புக்கான திருத்தம் 1987-ல் வந்தது. இதை நம் பத்திரிகைகள் அதிகம் பேசியதாகத் தெரியவில்லை, ஆனால் என்னைக் கேட்டால் இந்தக் கதையின் மையமே இதுதான்.

தொழிற்சாலைகள் சட்டத்தில் "ஆக்குபையர்" என்று ஒரு வார்த்தை உண்டு. தொழிற்சாலையின் விவகாரங்கள் கடைசியாக யார் கட்டுப்பாட்டில் இருக்கிறதோ அவர்தான் ஆக்குபையர். பாதுகாப்பு விதி மீறப்பட்டால் வழக்கு அவர் மேலும் மேனேஜர் மேலும்தான். கம்பெனிகள் என்ன செய்தன? சம்பளம் வாங்கும் ஒரு அதிகாரியின் பெயரை ஆக்குபையர் என்று எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தன. வழக்கு வந்தால் அந்த அதிகாரி கோர்ட்டுக்குப் போவார், அபராதத்தைக் கம்பெனி கட்டிவிடும். இயக்குநர்கள் பெயர் எந்தக் காகிதத்திலும் வராது.

1987 திருத்தம் இதை மாற்றியது. கம்பெனி என்றால் அதன் இயக்குநர்களில் ஒருவர்தான் ஆக்குபையர். பங்கு நிறுவனம் என்றால் பங்குதாரர்களில் ஒருவர். வேறு யாரையும் காட்ட முடியாது. ஆபத்தான தொழில்களில் முக்கியப் பாதுகாப்பு விதிகளை மீறினால் 7 ஆண்டு வரை சிறை என்றும் சேர்த்தார்கள்.

சும்மா இருப்பார்களா? பல கம்பெனிகள் நீதிமன்றத்துக்குப் போயின. எங்கோ தலைநகரத்தில் உட்கார்ந்திருக்கும் இயக்குநருக்குத் தொழிற்சாலையில் நடப்பது எப்படித் தெரியும் என்பது அவர்கள் வாதம்.

ஒரே மாதம், இரண்டு தீர்ப்புகள்

இங்கேதான் வரலாறு வேடிக்கை காட்டுகிறது. 1996 செப்டம்பர் மாதம் உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகள் சொன்னது.

செப்டம்பர் 13 அன்று போபால் வழக்கு. அந்த இரவு அந்தத் தொழிற்சாலையை நடத்தினால் மரணம் நேரும் என்று குற்றம் சாட்டப்பட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது என்று காட்ட ஆதாரம் இல்லை என்று கூறி, 10 ஆண்டு தண்டனைக்குரிய பிரிவை நீக்கி, 2 ஆண்டு தண்டனைக்குரிய 304-ஏ பிரிவாக நீதிமன்றம் குறைத்தது. லாரி டிரைவருக்குப் போடும் அதே பிரிவு!

12 நாள் கழித்து, செப்டம்பர் 25 அன்று ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் வழக்கு. 1987 திருத்தம் செல்லும் என்றது நீதிமன்றம். கம்பெனியின் தொழிற்சாலைக்கு இயக்குநர் ஒருவர்தான் ஆக்குபையர். கம்பெனி யார் பெயரையும் கொடுக்காவிட்டால், எந்த இயக்குநர் மேலும் இன்ஸ்பெக்டர் நடவடிக்கை எடுக்கலாம். தொழிற்சாலையின் கடைசிக் கட்டுப்பாடு கம்பெனியிடம் இருக்கிறது, கம்பெனி இயக்குநர்கள் வழியாகத்தான் செயல்படுகிறது, எனவே பொறுப்பும் அவர்களுடையதே என்பது அதன் சாரம்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் வழக்கில் விபத்து நடந்த பிறகு, "யாருக்கு என்ன தெரிந்திருந்தது?" என்று தேடுகிறார்கள். பதில் கரைந்து போகிறது. இரண்டாவது வழக்கில் விபத்து நடக்கும் முன்பே, "பொறுப்பாளர் இவர்" என்று சட்டம் பெயர் எழுதிவிடுகிறது. தப்பிக்க இடம் குறைகிறது. நான் படித்ததில் புரிந்துகொண்ட பாடம் இதுதான்.

போபால் வழக்கு அதன் பிறகும் 14 ஆண்டு ஓடியது. 2010 ஜூன் 7 அன்று கேசவ் மஹிந்திரா உள்பட, உயிரோடு இருந்த 7 பேருக்கு தலா 2 ஆண்டு சிறையும் ஏறத்தாழ 1 லட்ச ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. அன்றே ஜாமீன். நாடே கொதித்தது. 304 பிரிவுக்கு மாற்றக் கோரி சி.பி.ஐ. உச்ச நீதிமன்றத்தில் போட்ட மனு 2011 மே மாதம் தள்ளுபடியானது.

நம் பக்கத்தில்

போபால் எங்கோ இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். எங்கள் மாவட்டத்துக்குப் பக்கத்து மாவட்டமான கடலூரில்தான் நெய்வேலி. அங்கே என்.எல்.சி.யின் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 2020 மே 7 அன்று ஒரு பாய்லரில் விபத்து, 5 பேர் இறந்தார்கள். சரியாக 55 நாள் கழித்து, ஜூலை 1 அன்று அதே நிலையத்தில் இன்னொரு பாய்லர். அன்று 6 பேர். சிகிச்சையில் இருந்தவர்களும் ஒவ்வொருவராக இறந்து அந்த எண்ணிக்கை இரண்டு மடங்கைத் தாண்டியது. இறந்தவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். பசுமைத் தீர்ப்பாயம் இடைக்கால இழப்பீடாக 5 கோடி ரூபாய் செலுத்தச் சொன்னது. நிலையத்தின் தலைமை அதிகாரி பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

முதல் விபத்தையாவது தெரியாமல் நடந்தது என்று சொல்லலாம். இரண்டாவது? 55 நாளில் என்ன ஆய்வு நடந்தது, மற்ற பாய்லர்களை ஓட்டலாம் என்று முடிவு செய்தது யார்? இந்தக் கேள்விகளுக்கான பதில் பாய்லர் பக்கத்தில் நின்றவர்களிடம் இருக்காது. அது மேலே, மாடி அறைகளில்தான் இருக்கும்.

சிவகாசிப் பக்கம் போனால் வேறு விதமான சிக்கல். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20 பேருக்கும் மேல். அந்தப் பக்கத்தில் லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும், ஆலையின் அறைகளை உள்குத்தகைக்கு எடுத்துப் பட்டாசு செய்கிறவர்கள் வேறு பலராக இருப்பார்கள். காகிதத்தில் ஒரு முதலாளி, களத்தில் நான்கு முதலாளி, விபத்து நடந்த மறுநாள் ஒரு முதலாளியும் இல்லை!

வெளிநாட்டில் எப்படி?

இங்கிலாந்தும் இதே சிக்கலில் மாட்டியது. 1987 மார்ச்சில் ஒரு பயணிகள் கப்பல், முன்கதவை மூடாமலே புறப்பட்டுக் கவிழ்ந்து 193 பேர் இறந்தார்கள். கம்பெனியே அலட்சியத்தில் ஊறியிருந்தது என்று விசாரணை அறிக்கை சொன்னது. ஆனாலும் வழக்கு 1990-ல் தோற்றது. காரணம், கம்பெனியின் மூளை என்று சொல்லத்தக்க தனி ஒரு மனிதரின் மேல் குற்றத்தை நிறுத்த முடியவில்லை. பிறகு 2007-ல் தனிச் சட்டம் கொண்டு வந்து, நிர்வாகத்தின் ஒட்டுமொத்தத் தவறுக்காகக் கம்பெனியையே தண்டிக்கலாம் என்றார்கள். தண்டனை அபராதம்தான், அந்தச் சட்டத்தின் கீழ் இயக்குநர்கள் ஜெயிலுக்குப் போவதில்லை.

தென்கொரியா இன்னும் ஒரு படி மேலே போனது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறி மரணம் நேர்ந்தால் முதலாளிக்கோ தலைமை நிர்வாகிக்கோ குறைந்தது 1 ஆண்டு சிறை அல்லது பெரிய அபராதம். 2024 ஜூனில் ஒரு லித்தியம் பேட்டரி தொழிற்சாலைத் தீயில் 23 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள். 2025 செப்டம்பரில் விசாரணை நீதிமன்றம் அந்தக் கம்பெனியின் தலைமை நிர்வாகிக்கு 15 ஆண்டு சிறை விதித்தது. போபாலுக்கு 25 ஆண்டில் 2 ஆண்டு தண்டனை, அங்கே 15 மாதத்தில் 15 ஆண்டு தண்டனை!

மறுபக்கமும் உண்டு

எல்லா விபத்துக்கும் முதலாளியை உள்ளே தள்ளு என்று நான் சொல்லவில்லை. நாளைக்கு நானே ஒரு சின்னத் தொழில் தொடங்கலாம்! ஆயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்ததற்கு இயக்குநர் என்ன செய்வார்? 2015-ல் சுனில் பாரதி மிட்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான். கம்பெனி குற்றம் செய்தது என்பதற்காக இயக்குநரும் தானாகவே குற்றவாளி ஆகிவிட மாட்டார். சட்டமே அப்படிச் சொல்லியிருக்க வேண்டும், அல்லது அவருடைய தனிப்பட்ட பங்குக்கு ஆதாரம் வேண்டும்.

1948 சட்டத்திலும் ஒரு வழி இருந்தது. தான் எல்லாக் கவனத்தோடும் இருந்ததையும், உண்மையில் தவறு செய்தவர் இன்னார் என்பதையும் நிரூபித்தால் ஆக்குபையர் விடுபடலாம். இது நியாயம்தான். ஏனென்றால் இங்கே நிரூபிக்க வேண்டிய சுமை முதலாளியின் தோளில் இருக்கிறது. "மூடி போடச் சொன்னேன், பணம் ஒதுக்கினேன், போட்டார்களா என்று பார்த்தேன்" என்று அவர் காட்ட வேண்டும். காட்ட முடிந்தவர் நல்ல முதலாளி. அவரைத் தண்டிக்க யாரும் விரும்ப மாட்டார்கள்.

இப்போது

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. 304-ஏ இப்போது பிரிவு 106. தண்டனை 2 ஆண்டிலிருந்து 5 ஆண்டு வரை என்று உயர்ந்திருக்கிறது.

2025 நவம்பர் 21 முதல் 1948-ன் தொழிற்சாலைகள் சட்டமும் போய், தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதிலும் இயக்குநர்தான் ஆக்குபையர், ஆனால் சுயேச்சை இயக்குநர்கள் இதில் வர மாட்டார்கள். கடமை தவறி மரணம் நேர்ந்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது குறைந்தது 5 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அந்த அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் இறந்தவரின் குடும்பத்துக்குத் தரும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். இது நல்ல அம்சம்.

ஆனால் ஒன்று இடிக்கிறது. மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் வேலை செய்தாலே அது தொழிற்சாலை என்றது பழைய சட்டம். புதிய சட்டத்தில் 20 பேர் வேண்டும். 10 பேர் இருந்தால் "நிறுவனம்" என்ற வகையில் பொதுவான கடமைகள் உண்டுதான், ஆனால் தொழிற்சாலைக்கு என்றே உள்ள விதிகள் வராது. எங்கள் பக்கத்து ரைஸ் மில்களை நினைத்துப் பார்க்கிறேன். அந்த அண்ணன் வேலை செய்த மில்லில் 14 பேர்.

மலைக்குத் திரும்புவோம்

கல்வராயன் மலை 1976 வரை மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஏறத்தாழ 30 வருடம் கழித்துத்தான் அந்த மலை முழுமையாக அரசின் கீழ் வந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியதும் அதே 1976-ல்தான். ஜாகிர் காலத்தில் கூலி இல்லாமல் உழைத்த கதையை அந்த அண்ணனின் தாத்தா சொல்வாராம். அதைச் சொல்லிவிட்டு அவர் ஒரு வார்த்தை சொன்னார். "அப்ப கொடுமைதான் தம்பி. ஆனா யாரு எசமான்னு தெரியும். வீட்டு வாசல்ல போயி நிக்கலாம். இப்ப யாரு வாசல்ல நிக்கிறது?"

ஜாகிர் காலம் திரும்ப வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. கேட்கும் இடம் எது என்றுதான் கேட்கிறார்.

1948 சட்டம் ஒவ்வொரு தொழிற்சாலையிலும் இன்ஸ்பெக்டரின் பெயரையும், சான்று வழங்கும் மருத்துவரின் பெயரையும் முகவரியோடு எழுதி மாட்டச் சொன்னது. என் சின்ன யோசனை இதுதான். ரைஸ் மில்லோ, பட்டாசு ஆலையோ, அனல்மின் நிலையமோ, எதுவாக இருந்தாலும் வாசலில் தமிழில் ஒரு பலகை இருக்க வேண்டும். "இந்த இடத்தில் நடக்கும் விபத்துக்குச் சட்டப்படி பொறுப்பாளர் இன்னார்" என்று பெயரோடு எழுதியிருக்க வேண்டும். அதுவும் மேஸ்திரியின் பெயரோ மேனேஜரின் பெயரோ இல்லை, இயக்குநரின் பெயர் அல்லது பங்குதாரரின் பெயர். தன் பெயரைத் தினமும் அந்தப் பலகையில் பார்க்கிற முதலாளி, கழற்றிப் போட்ட பெல்ட் மூடியை ஒரு நாளாவது திரும்பிப் பார்ப்பார் என்று நம்புகிறேன். அப்படி ஒரு பலகை மாட்ட ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான்.

அந்த அண்ணன் இப்போது மலைக்கே திரும்பிவிட்டார். மீதமுள்ள விரல்களை வைத்துக்கொண்டு சொந்தக் காட்டில் மரவள்ளி போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அடுத்த முறை பார்க்கும்போது அவர் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். "அண்ணே, மில்லுக்கு முதலாளி அந்த மூன்று பங்குதாரர்களும்தான். நீங்கள் பார்க்காத அந்த இரண்டு பேரும் சேர்த்துத்தான். 1987-லிருந்தே அந்த மூன்று பேரில் ஒருவர் சட்டத்துக்கு முன் நின்று பதில் சொல்லியாக வேண்டும்."

கொஞ்சம் தாமதமான பதில்தான். ஆனால் அடுத்து மலையிலிருந்து இறங்கி வருகிறவருக்காவது உதவட்டும்.